கழுவெளிக்கு எவ்வளவு தண்ணீர்?

2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. மூங்கில்துறைப்பட்டைக் கடந்து, திருக்கோவிலூர், எல்லீஸ்சத்திரம் வழியாகக் கடலூர் வரை இரு கரைகளையும் அந்த வெள்ளம் புரட்டிப்போட்டது. மூன்று மாதங்களுக்கு முன் திறக்கப்பட்ட அகரம்பள்ளிப்பட்டு – தொண்டமானூர் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்திருந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவானது. தென்பெண்ணைக் கரையில் வெள்ளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், மூங்கில்துறைப்பட்டுக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே நூறு கிலோமீட்டர் தள்ளி, மரக்காணத்தை ஒட்டிக் கிடக்கும் ஒரு பெரும் நீர்ப்பரப்பும் மழைநீரைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் கழுவெளி.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பரில். அதுவரை, இன்று கள்ளக்குறிச்சியில் இருக்கும் மூங்கில்துறைப்பட்டும் கழுவெளியும் ஒரே விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தவை. தென்பெண்ணை நீர் கழுவெளிக்குப் போவதில்லை. கழுவெளியின் நீர்ப்பிடிப்பு வேறு. ஆனாலும் இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. நம் பகுதியில் நீர்நிலை என்றால் அணை, கரை, மதகு, பாசனம் என்றே நினைத்துப் பழகியிருக்கிறோம். 1958இல் பயன்பாட்டுக்கு வந்த சாத்தனூர் அணை அந்த நினைப்பைக் கெட்டிப்படுத்தியது. கரும்புக்கும் நெல்லுக்கும் அது சரியான நினைப்புதான். அதே நினைப்போடு ஓர் உவர்நீர் ஏரியை மீட்கப் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கழுவெளி நல்ல பாடம்.

தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்துப் பெரியதாகச் சொல்லப்படுவது இது. வானூர், மரக்காணம் வட்டங்களில் விரிந்திருக்கும் இதன் 5,151.6 ஹெக்டேர் பரப்பு இன்று சரணாலய எல்லைக்குள் இருக்கிறது. ஒரே ஏரி என்று சொன்னாலும் தண்ணீரின் தன்மையைக் கொண்டு இதை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: கடலை ஒட்டிய எடையந்திட்டுக் கழிமுகம், அங்கிருந்து உப்புநீரை உள்ளே கொண்டுவரும் உப்புக்கல்லி ஓடை, மேற்கே மழைநீரும் ஏரிகளின் உபரிநீரும் வந்து சேரும் நன்னீர்ப் படுகை. வடகிழக்குப் பருவமழையில் மேற்கிலிருந்து இறங்கும் நன்னீர் உப்பைக் கடல் பக்கம் தள்ளும். மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் படுகை வற்றும், மிச்சமிருக்கும் நீரில் உப்பு செறிவாகும், ஓதம் ஓடை வழியே மேலேறும். ஆண்டுதோறும் நடக்கும் இந்தத் தள்ளுமுள்ளுதான் கழுவெளியின் உயிர். நன்னீர்ப் பகுதியில் நூற்றுக்கணக்கான ஹெக்டேரில் சம்பு வளர்வதும், உவர்ப் பகுதியில் வெண்கண்டல் நிற்பதும் அதனால்தான். மடவை, கொடுவா, இறால் ஆகியவை கடலில் முட்டையிட்டு, குஞ்சுப் பருவத்தைக் கழிமுகத்தின் உவர்நீரில் கழிப்பவை. உப்பு கூடிப்போனாலும் அவற்றுக்கு ஆகாது, அறவே இல்லாமல் போனாலும் ஆகாது.

மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகளின் வலசைப் பாதையில் கழுவெளி இருக்கிறது. பூநாரை, கருவால் மூக்கன், நீலச்சிறகி எல்லாம் இங்கே வருகின்றன. இவற்றில் கரையோரப் பறவைகளுக்கு வேண்டியது ஆழமான தண்ணீர் அன்று. கால் ஊன்றி நிற்க ஏற்ற மெல்லிய நீர், அலகால் துழாவ ஏற்ற சேறு. கழுவெளியின் ஆழமின்மையைக் குறையாகப் பார்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்த ஏரி சுருங்கியது எப்படி? ஒரு காரணத்தைச் சொல்லி முடிக்க முடியாது. ஒரு காலத்தில் பெரும் பரப்பில் நின்ற கண்டல் காடு இன்று சிதைந்த திட்டுகளாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஏரியின் ஓரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பயிர் நிலமாயின. உப்பளங்களும் இறால் பண்ணைகளும் உவர்ப் பகுதியை நெருக்கின. தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாக உப்புக்குப் பெயர் பெற்ற ஊர் மரக்காணம். பல தலைமுறைகளாகப் பாத்தி கட்டி உப்பு வாருபவர்களின் பிழைப்பு அது. அவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்துவது நியாயமில்லை. இறால் பண்ணையின் கதை வேறு. 1996 டிசம்பரில், சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் தொழில்முறை இறால் பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. சில்கா, பழவேற்காடு ஏரிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றைச் சுற்றி ஆயிரம் மீட்டருக்குள் பண்ணைகளைத் தடுத்தது. அந்தப் பாதுகாப்புப் பட்டியலில் கழுவெளியின் பெயர் இல்லை. அன்று அது அரசின் கண்ணுக்கு உவர்நீர் ஏரியாகவே படவில்லை என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் காரணங்கள். தெரியாத காரணம் மேற்கே இருக்கிறது. கழுவெளிக்கு நீர் தரும் பரப்பு ஏறக்குறைய 740 சதுர கிலோமீட்டர். அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்கு. கடைசி ஏரியும் வழிந்தால் கழுவெளிக்கு. எந்த ஏரியின் வரத்துக் கால்வாய் தூர்ந்தாலும், எங்கே போக்குக் கால்வாய் வீட்டுமனையானாலும் அந்தத் தொடர் அறுந்துபோகும். ஏரிப் பாசனம் தளர்ந்த இடங்களில் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. வானூர்ப் பகுதியின் மணற்கல் நீர்த்தாங்கியிலிருந்து நீரை இழுக்க இழுக்க, நிலத்தடியில் உப்புநீர் கடலிலிருந்து உள்ளே நகரும் ஆபத்து கூடுகிறது. அதாவது, கழுவெளிக்கு மேலே தெரியும் உப்புப் பிரச்சினை ஒன்று, நிலத்தடியில் தெரியாத உப்புப் பிரச்சினை ஒன்று. இரண்டுக்கும் வேர் மேல் ஏரிகளின் நிலையில் இருக்கிறது.

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அரசு என்பது ஒரே ஆள் இல்லை. பாசனத்தைப் பார்க்கும் துறைக்குக் கழுவெளி, கரை கட்டித் தேக்கினால் பல ஆயிரம் ஏக்கருக்குப் பயன்படக்கூடிய ஒரு வீணான நீர்ப்பரப்பு. 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நூறு கோடி ரூபாயைத் தாண்டிய மதிப்பீட்டில் பேசப்பட்ட மீட்புத் திட்டத்தின் அடிப்படை இதுதான்: தூர் வாருவது, கரையைப் பலப்படுத்துவது, கடல்நீர் ஏறாமல் தடுத்து நன்னீரைத் தேக்குவது. வனத்துறைக்கு அது பறவைகளின் இடம். 2021 டிசம்பரில் கழுவெளி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2023-24 நிதிநிலை அறிக்கையில் மரக்காணத்தில் 25 கோடி ரூபாயில் பன்னாட்டுப் பறவைகள் மையம் அமையும் என்று சொல்லப்பட்டது. 2024 ஆகஸ்டில் திருப்பூரின் நஞ்சராயன் குளத்தோடு சேர்ந்து கழுவெளியும், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. மீன்வளத்துறைக்குக் கழிமுகம் என்பது படகு போகும் வழி. வருவாய்த்துறைக்கு அது புறம்போக்கா, பட்டாவா என்பதே கேள்வி.

ராம்சார் அங்கீகாரத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அங்கீகாரம் தண்ணீரைக் கொண்டுவருவதில்லை. மேலே சொன்ன எந்தத் திட்டத்திலும் மையமாக இருக்க வேண்டிய கேள்வி ஒன்று மையத்தில் இல்லை: ஓர் ஆண்டில் கழுவெளிக்கு எவ்வளவு நன்னீர் வந்தாக வேண்டும்? எந்த மாதத்தில் எங்கே எவ்வளவு உப்பு இருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடிச் செயல்பட்ட ஓர் அரசு நம் நாட்டிலேயே உண்டு. ஒடிசாவின் சில்கா, கழுவெளியைவிடப் பல மடங்கு பெரியது. மழைக்காலத்தில் ஆயிரம் சதுர கிலோமீட்டரைத் தாண்டி விரியும். 1980களில் அது செத்துக்கொண்டிருந்தது, ஆனால் உப்பு கூடியதால் அன்று. மகாநதியின் கிளைகள் கொண்டுவந்த வண்டல் கடல்வாயை அடைத்தது. கடல்நீர் வரத்து குறைய, உப்பு இறங்கியது. நன்னீர்க் களைகள் ஏரியை மூடின. மீனும் இறாலும் அற்றுப்போயின. 1991இல் ஒடிசா அரசு சில்கா மேம்பாட்டு ஆணையத்தை அமைத்தது. 1993இல் சில்கா, ஆபத்தில் இருக்கும் ராம்சார் தலங்களுக்கான மாண்ட்ரோ பதிவேட்டில் சேர்ந்தது. அலை, வண்டல், உப்பு ஆகியவற்றை அளந்து, மாதிரிகளை வைத்து ஆராய்ந்த பிறகு, 2000 செப்டம்பர் 23 அன்று மணல்திட்டை வெட்டிப் புதிய கடல்வாய் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஆண்டுக்கு இரண்டாயிரம் டன்னுக்கும் கீழே போயிருந்த மீன் வரத்து, சில ஆண்டுகளிலேயே பத்தாயிரம் டன்னைத் தாண்டியது. 2002இல் பதிவேட்டிலிருந்து சில்கா நீக்கப்பட்டது. அதே ஆண்டு ராம்சார் விருதும் கிடைத்தது.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சில்காவை மீட்டது உப்பை வெளியே தள்ளிய வேலை அன்று, உள்ளே விட்ட வேலை. கடல்நீரைத் தடுப்பதே மீட்பு என்று கழுவெளியில் நினைப்பவர்கள் சில்காவுக்கு ஒரு முறை போய்வர வேண்டும். இரண்டு, ஏரியைப் பற்றிய முடிவுகளை ஒரே ஆணையம் எடுத்தது. கடல்வாயோடு நிற்காமல் மேலே நீர்ப்பிடிப்பில் மரம் நடுவது வரை, நராஜ் தடுப்பணையிலிருந்து எப்போது எவ்வளவு நீர் வர வேண்டும் என்பது வரை அது பேசியது. மீனவர் பூசல்களும் இறால் வளர்ப்பு அடைப்புகளும் சில்காவில் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் தண்ணீர்க் கணக்கு என்று ஒன்று அங்கே இருந்தது.

அந்தக் கணக்கு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ராஜஸ்தானின் சாம்பர் ஏரி சாட்சி. நிலத்துக்குள் அடைபட்ட இந்தியாவின் மிகப் பெரிய உப்பேரி அது. 1990இலேயே ராம்சார் தலமானது. மெந்தா, ரூபன்கர் முதலான பருவ ஆறுகள்தான் அதற்கு நீர் தருபவை. அந்த ஆறுகளின் குறுக்கே, வறட்சி நிவாரணம் என்றும் நீர்ப்பிடிப்பு மேம்பாடு என்றும் பல ஆண்டுகளாகத் தடுப்பணைகள் எழுந்தன. ஒவ்வொன்றும் அந்தந்த ஊருக்கு நல்லதே. எல்லாம் சேர்ந்தபோது ஏரிக்கு வரும் நீர் நின்றுபோயிற்று. ஏரியின் படுகையிலேயே ஆழ்துளைக் கிணறு தோண்டி உப்புநீரை உறிஞ்சிய சட்டவிரோத உப்பளங்கள் மிச்சத்தையும் பார்த்துக்கொண்டன. 2019 நவம்பரில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வலசைப் பறவைகள் பாட்டுலிசம் என்ற நச்சு நோயால் அங்கே செத்து விழுந்தன. ஏரி ராம்சார் பட்டியலில் ஏறி அப்போது இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

சாம்பர் கதை நம்மை உறுத்த வேண்டியது தடுப்பணை விஷயத்தில். தமிழ்நாட்டில் 2017இல் குடிமராமத்துத் திட்டம் புத்துயிர் பெற்றபோது ஏரிகளில் தூர் வாரினார்கள். வண்டல் மண்ணை விவசாயிகள் எடுத்துக்கொண்டார்கள். நல்ல வேலை. ஆனால் ஏரியை ஆழப்படுத்திக் கலங்கலையும் உயர்த்தினால், அந்த ஏரி நிரம்பி வழிய இன்னும் நாளாகும். சுமாரான மழை பெய்த ஆண்டில் வழியாமலே போகும். கழுவெளியின் நீர்ப்பிடிப்பில் நூறு ஏரிகளில் இதைச் செய்தால் சாம்பரில் நடந்தது இங்கேயும் நடக்கலாம். அதற்காக மேல் ஏரிகளைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. மேல் ஏரியில் நீர் நின்றால் நிலத்தடி ஊறும்; கிணறுகளின் பசி குறையும்; அடியில் நகரும் உப்பு தடைபடும். கழுவெளிக்கு அதுவும் தேவை. எத்தனை ஏரிகளில் எவ்வளவு தேக்குவது, எவ்வளவு வழியவிடுவது என்பது படுகை முழுவதையும் ஒன்றாக வைத்துப் போட வேண்டிய கணக்கு. ஊருக்கு ஊர், ஏரிக்கு ஏரி தனித்தனியாக மதிப்பீடு போட்டால் அந்தக் கணக்கு ஒருநாளும் வராது.

உலகத்தில் இதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன, எச்சரிக்கைகளும் இருக்கின்றன. கலிஃபோர்னியாவின் மோனோ ஏரிக்கு வரும் ஓடைகளை லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1941 முதல் குடிநீருக்குத் திருப்பியது. ஏரி நாற்பது அடிக்கு மேல் இறங்கி, உப்பு இருமடங்கானது. 1983இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், ஏரியைப் பொதுமக்களுக்காகக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்றது. 1994இல் மாநில நீர் வாரியம், ஏரியின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 6,392 அடிக்கு வர வேண்டும், அதுவரை நகரம் எடுக்கும் நீருக்கு வரம்பு உண்டு என்று ஆணையிட்டது. அந்த மட்டத்தை மோனோ இன்னும் எட்டவில்லை. ஆனாலும் ஓர் எண் எழுதப்பட்டிருப்பதால் அரசை ஒவ்வோர் ஆண்டும் கேள்வி கேட்க முடிகிறது. ஈரானின் உருமியா ஏரிக்கும் 1,274.1 மீட்டர் என்று மட்டம் குறிக்கப்பட்டது. 2013க்குப் பின் பெரும் மீட்புத் திட்டமும் வந்தது. நல்ல மழை பெய்த 2019, 2020இல் ஏரி எழுந்தது. பாசனத்துக்கு எடுக்கும் நீரைக் குறைக்காததால் அடுத்த சில ஆண்டுகளில் மறுபடியும் காய்ந்தது. ஏரல் கடலின் வடபகுதியைக் கசகஸ்தான் 2005இல் 13 கிலோமீட்டர் நீளக் கோக்-ஏரல் அணை கட்டிக் காப்பாற்றியது. மீன் திரும்பியது, மீனவர்களும் திரும்பினார்கள். அணைக்குத் தெற்கே இருந்த பெரும்பகுதி கைவிடப்பட்டது. கரை கட்டுவதால் ஒரு பாதி பிழைக்கலாம், மறு பாதி போகலாம். கழுவெளியில் கரை கட்ட நினைப்பவர்கள் எந்தப் பாதியை விட்டுக்கொடுக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

கழுவெளியில் தூர் வாருவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். படுகை கடல்மட்டத்துக்கு அருகிலேயே இருக்கும் ஏரி இது. அதை மேலும் தோண்டினால் கடல் உள்ளே வர வசதி செய்து கொடுத்ததாகும். பறவைகள் நின்று மேயும் சேற்றுப்பரப்பும் போகும். ஒரு பாசன ஏரியில் தூர் வாருவது பராமரிப்பு. இங்கே அது ஏரியின் இயல்பையே மாற்றும் வேலை.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு, மேலாண்மை விதிகள், பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஏரிகளையும் குடிநீருக்கான மனிதர் கட்டிய நீர்நிலைகளையும் உப்பு உற்பத்திக்கும் நீர்வாழ் உயிரி வளர்ப்புக்குமான அமைப்புகளையும் ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே வைத்துவிட்டன. எனவே கழுவெளி அந்த வரையறைக்குள். அதற்குச் சோறு போடும் ஏரிகள் வெளியே. ஆனால் அதே விதிகளில் ஒரு வழியும் இருக்கிறது. ஒவ்வோர் ஈரநிலத்துக்கும் அதன் தாக்க மண்டலத்தை, அதாவது எங்கே நடக்கும் வேலை ஏரியைப் பாதிக்குமோ அந்தப் பரப்பை, வரையறுக்கச் சொல்கின்றன. அங்கே எதைச் செய்யலாம், எதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றும் எழுதச் சொல்கின்றன. கழுவெளியின் தாக்க மண்டலம் சரணாலய வேலியிலிருந்து சில நூறு மீட்டரில் முடியக் கூடாது. 740 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பும் அதற்குள் வர வேண்டும்.

மனிதர்களை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. கழிமுகத்தில் வலை வீசுபவர்கள், சேற்றில் இறங்கிக் கையால் நண்டும் இறாலும் பிடிக்கும் இருளர் குடும்பங்கள், உப்பளத் தொழிலாளர்கள், ஏரி ஓரத்தில் மாடு மேய்ப்பவர்கள் எல்லோருக்கும் இந்த ஏரியில் எழுதப்படாத பங்கு உண்டு. சரணாலயம் என்ற பெயரில் முதலில் வெளியேற்றப்படுபவர்கள் பட்டா இல்லாதவர்களாகவும், கடைசியில் தொடப்படுபவர்கள் பண்ணை முதலாளிகளாகவும் இருந்தால் அந்தத் திட்டம் நீடிக்காது. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் உரிமைகளை விசாரித்துத் தீர்க்கும் பொறுப்பை மாவட்ட ஆட்சியருக்குத் தந்திருக்கிறது. அந்த விசாரணை ஊர் ஊராக, திறந்த கூட்டத்தில் நடக்க வேண்டும். நடுக்குப்பத்தில் ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் குழு பள்ளிப் பிள்ளைகளோடும் ஊராரோடும் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையும், கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோவில் காட்டை ஊர் மக்கள் காத்து வைத்திருப்பதும் ஒன்றைச் சொல்கின்றன: இந்தப் பகுதியில் பாதுகாப்பு என்பது வெளியிலிருந்து வந்த பழக்கம் இல்லை.

ஆகவே என் கோரிக்கை இதுதான். ராம்சார் தலத்துக்கான மேலாண்மைத் திட்டத்தில் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: ஆண்டுக்குக் குறைந்தபட்சம் வர வேண்டிய நன்னீர், மாதவாரியாக மூன்று பகுதிகளிலும் இருக்க வேண்டிய உப்பின் அளவு, பருவத்துக்கேற்ற நீர்மட்டம். கலங்கல்களிலும் உப்புக்கல்லி ஓடையிலும் அளவைக் கருவிகள் வைத்து, அந்த எண்களை ஒவ்வோர் ஆண்டும் பொதுவில் வெளியிட வேண்டும். நீர்வளத்துறை, வனத்துறை, மீன்வளத்துறை, வருவாய்த்துறை நான்கும் ஒரே ஆணையத்தின் கீழ் வர வேண்டும். அதில் மீனவரும் இருளரும் மேல் ஏரிகளின் பாசனதாரரும் உறுப்பினராக இருக்க வேண்டும். இந்த எண்கள் எழுதப்படும் வரை, கரை உயர்த்தும் வேலைக்கும் தூர் வாரும் வேலைக்கும் ஒரு ரூபாய்கூட ஒதுக்க வேண்டாம். விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் சட்டமன்ற உறுப்பினர்களிடம் இந்த மூன்று எண்களைக் கேட்டு எழுதுங்கள்.